வண்டி மாறினவன் பொண்டாட்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல கான்ட்ராக்ட் வெல்டருங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில பைபாஸ் டீக்கடையாண்ட ஹெல்மெட்ட கக்கத்துல வெச்சுக்கினு நிப்பாங்க. ஒரு மேஸ்திரியோட வேன் வரும், அவன் ஒரு கூலி சொல்லுவான். பின்னாடியே இன்னொரு மேஸ்திரி வந்து அம்பது ரூபா கூட சொன்னா, மொத வேன்ல ஏறி உக்காந்தவன்கூட எறங்கி ரெண்டாவதுல ஏறிக்குவான். நேத்து வரைக்கும் யாருகிட்ட வேல செஞ்சமோ அந்த ஆளுகிட்ட சொல்லிட்டுப் போணும்னுல்லாம் கெடையாது. அந்த மேஸ்திரியும் கோச்சுக்க மாட்டான், அடுத்த வாரம் ரேட்ட ஏத்தினா இவங்க திரும்பி வருவாங்கன்னு அவனுக்குத் தெரியும். கம்பெனி கேட்டுல மேஸ்திரி பேரச் சொன்னா போதும், செக்யூரிட்டி உள்ள உட்டுடுவாரு. இப்பிடி வண்டி மாறுறதுல எங்கூட்டுக்காரரு படு கெட்டிக்காரரு. அந்தக் கெட்டிக்காரத்தனத்த ஐரோப்பாவுல கொண்டு போய் காட்டினாரு பாருங்க, அதுல நாறிப்போனது என் பொழப்பு.

அவரு ஆர்கான் வெல்டரு. பைப்புக்குப் பைப்பு ஒட்டினா ஒட்டின எடம் தெரியாது, அப்பிடி ஒரு கை. அவங்கப்பா பொன்னேரிப் பக்கம் நெல்லு வயல்ல கூலிக்கு நாத்து சுமந்தவரு. அந்தக் குடும்பத்துல மொதமொதல்ல கம்பெனிக்குள்ள போனது இவருதான். நானும் சிப்காட்டுல ஒரு மருந்து கம்பெனியில பேக்கிங் செக்‌ஷன்ல இருந்தேன். ரயில்வே கேட்டாண்ட ஒரு லைன் ஊட்டுல வாடகைக்கு இருந்தோம். ஊட்டு ஓனரு பழவேற்காட்டு பாய் குடும்பம், முன்பக்கம் கடை, பின்பக்கம் அவங்க, எங்க செவுத்த ஒட்டி. எங்களுக்கு ஒரே பொண்ணு, அப்ப ஒண்ணாங்கிளாஸ்.

அப்புறம் எங்க அண்ணி. அவரோட அக்கா. அம்மா சின்ன வயசுலயே தவறிட்டதால தம்பிய இவங்கதான் வளத்தாங்க. புருசன் இல்ல, புள்ள இல்ல, ரெண்டு தெரு தள்ளி தனியா இருந்தாங்க. அவங்க கிழிச்ச கோட்ட இவரு தாண்ட மாட்டாரு. எனக்கு ஷிப்ட் மாறி மாறி வரும், அதச் சாக்கா வெச்சு, "பாப்பாவ என்கிட்ட உட்டுடேன், நான் வளக்கறேன்"னு வாரத்துக்கு ஒருக்கா ஆரம்பிப்பாங்க. "ஆயிரம் குடுத்தாலும் பாப்பா என் கைய உட்டுப் போவாது அண்ணி"ன்னு நானும் வாரத்துக்கு ஒருக்கா சொல்லுவேன். அந்த ஒரு விஷயத்துல மட்டும் நான் யாருக்கும் அடங்கினதில்ல.

ரெண்டாயிரத்து எட்டுல மெட்ராஸ் ஏஜென்ட் ஒருத்தன் மூலமா போலந்துக்கு ஆள் எடுத்தாங்க. கப்பல் கட்டுற எடம். டெஸ்ட்டுல இவரு வெல்டிங்கப் பாத்துட்டு அங்கயே ஓகே சொல்லிட்டாங்களாம். ஏஜென்டுக்குக் குடுக்க என் நகை அத்தினியும் அடகுக்குப் போச்சு. காதுல கம்மல் மட்டும் மிச்சம். அண்ணியும் அவங்க பங்குக்குக் கொஞ்சம் டப்பு போட்டாங்க, அதச் செத்தாலும் மறக்க உட மாட்டாங்க. கெளம்புறப்ப, "ஒரு வருஷம், உன்னையும் பாப்பாவையும் அங்க கூட்டிக்கிறேன்"னாரு. நான் அழுதுக்கினே தலைய ஆட்டினேன். பாப்பா, "நைனா, ஐஸ் மழ பெய்யுமாமே, எனக்கு புடிச்சிக்கினு வா"ன்னுச்சு.

ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன் வரும். மொதல்ல குளிரு, அப்புறம் சாப்பாடு, அப்புறம் கணக்கு. அவரு பேச்சே அவ்ளோதான். கம்பெனியே ரூம் குடுத்துச்சு, அதுக்கு சம்பளத்துல புடிச்சாங்க. டாக்டர் பாக்கறதுக்கு ஒரு கார்டு, அதுக்கும் புடிச்சாங்க. தடியா ஒரு கோட்டு, பூட்ஸ், எல்லாம் கம்பெனியோடது. புடிச்சது போக வந்த காசு இங்க வந்துக்கினுதான் இருந்துச்சு. ரெண்டு வளையல மீட்டேன். உருப்பட்டுட்டோம்னு நெனச்சேன் எம்மா!

அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழம குரலே வேறயா இருந்துச்சு. "இத்தாலியில இதே வேலைக்கு யூரோவுல தர்றான் மே. ரெண்டு பங்குக்கு மேல. நாளைக்கு வேன் வருது, பத்து பேரு கெளம்பறோம்"னாரு. இந்தக் கம்பெனியில இன்னா இன்னா உட்டுட்டுப் போணும்னு அவரே வரிசையா சொன்னாரு. ரூமுக்குக் கட்டின அட்வான்ஸ் வராது. கடைசி மாசச் சம்பளம் வராது. வருஷ முடிவுல வரித் தொகை கொஞ்சம் திரும்பி வரும், அதுவும் போச்சு. கோட்டையும் பூட்ஸையும் கழட்டி வெச்சுட்டுப் போணும். "போனா போவுது, ரெண்டு மாசத்துல எடுத்துடலாம்"னாரு.

"பேப்பர்லாம் இன்னா ஆவும்?"னு கேட்டேன். நான் படிச்சது எட்டாவது, எனக்கே அது தோணிச்சு.

"ஒரே ஐரோப்பாதான் மே இதெல்லாம். பார்டர்ல கேட்டே கெடையாது, ஒரு செக்யூரிட்டி கெடையாது. நம்ம சிப்காட் மாதிரி. இந்தக் கம்பெனியிலேர்ந்து எதிர் கம்பெனிக்குப் போறதுக்கு எவனாச்சும் விசா கேப்பானா?"

சிரிச்சேன். நெசமாவே பெருமையா இருந்துச்சு. மறுநாள் பேக்கிங்ல பக்கத்துல நிக்கிறவளுங்ககிட்டல்லாம், எங்கூட்டுக்காரரு ஒரு நாட்டுலேர்ந்து இன்னொரு நாட்டுக்கு வேன்ல போறாரு, ஒருத்தனும் நிறுத்தி ஒரு கேள்வி கேக்கலன்னு அளந்துக்கினு இருந்தேன். அதுங்களும் வாயப் பொளந்துக்கினு கேட்டுச்சுங்க.

வழியில யாரும் கேக்கல, அது வாஸ்தவம். போய்ச் சேந்த எடத்துல எல்லாரும் கேட்டாங்க. அவரு கையில இருந்த பெர்மிட்டு போலந்துல அந்தக் கம்பெனியில வேல செய்யறதுக்கு மட்டும் குடுத்தது. அந்தக் கேட்ட உட்டு வெளிய வந்த அன்னிக்கே அது செல்லாக்காசு. டீக்கடையாண்ட வண்டி மாறின பத்து பேருக்கும் இத யாரும் சொல்லல, அவங்களும் யாரையும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. எப்பக் கேட்டோம் நாம?

பேப்பர் இல்லன்னு தெரிஞ்சதும் அந்த ஊரு மேஸ்திரி பேசின கூலிய பாதியாக்கினான். "புடிக்கலன்னா போ, போலீஸ் அந்தப் பக்கம்தான்"னானாம். பேப்பர் இல்லாதவனுக்கு ஊடு தர மாட்டான், பேங்குல கணக்கு தொறக்க மாட்டான், சிம் கார்டு கூட தர மாட்டான். எல்லாத்துக்கும் இன்னொருத்தன் பேரு வேணும், பேரு குடுக்கறவனுக்கு கமிஷன் வேணும். ஒரே கட்டில்ல பகல்ல ஒருத்தன், ராத்திரில ஒருத்தன், ஆனா வாடகை முழுசா ரெண்டு பேருகிட்டயும் வாங்குவான். வாங்கறவன் யாரு? நம்ம தமிழ் ஆளுதான், அவனும் பத்து வருஷம் முன்னாடி இதே மாதிரி வந்து படுத்தவன். ஒரு நாளு அவசரத்துல ஓட்டக் கையுறையோட வெல்டிங் அடிச்சு, உள்ளங்கை வெந்துபோச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா புடிச்சுக் குடுத்துடுவாங்கன்னு பயந்துக்கினு டூத்பேஸ்ட்ட தடவிக்கினு படுத்திருந்தாரு. சீழ் வெச்சு, ஆறினப்ப ரெண்டு வெரலு மடங்கினது மடங்கினபடியே நின்னுப்போச்சு. எப்பிடிப்பட்ட கை அது! காசு வர்றதும் நின்னுச்சு, மீட்ட வளையலும் திரும்ப அடகுக்குப் போச்சு.

"வந்துடுங்க, கஞ்சி குடிச்சாலும் இங்க குடிக்கலாம்"னு சொன்னேன். அவரு பதில் சொல்றதுக்குள்ள பக்கத்துல உக்காந்திருந்த அண்ணி என் கையிலேர்ந்து போனப் புடுங்கிக்கினாங்க. "வெறுங்கையோட வந்து நின்னா ஊரே சிரிக்கும், அவ பேச்சக் கேக்காத"ன்னாங்க. வளத்தவங்களுக்கு அந்தக் கைய நெனச்சு ஒரு சொட்டு தண்ணி வரல கண்ணுல. ஊரு சிரிக்கறதுதான் அவங்களுக்கு வலிச்சுது.

அங்க இருந்த ஆளுங்களே அவருக்கு ஒரு வழி காட்டினாங்க. அங்கத்துப் பொம்பளையப் பேப்பருக்காகக் கட்டிக்கறது. அவளுக்கு ஒரு தொகை, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு கையெழுத்து, அஞ்சு வருஷம் கழிச்சு அவ வழி அவளுக்கு, நம்ம வழி நமக்கு. இத்தாலிக்காரிக்கு ரேட்டு அதிகம். ருமேனியாக்காரிக்குக் கம்மி, அந்த நாடும் அப்பத்தான் ஐரோப்பாவோட சேந்திருந்துச்சாம், பேப்பருக்கு அதுவும் செல்லுமாம். கத்திரிக்கா வெல சொல்ற மாதிரி எனக்கு போன்ல சொல்றாரு. "ஊடு தொடைக்கிற பொம்பள, எங்கம்மா வயசு இருக்கும், நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத"ன்னு வேற.

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. "அப்ப நான் யாரு?"ன்னேன்.

"அதான் மே பேஜாரு. பாஸ்போர்ட்டுல பொண்டாட்டின்னு உன் பேரு கீது. நீ உசுரோட இருக்கிறதுதான் இப்ப எனக்குப் பிரச்சன."

ஏதோ கோவத்துல சொல்றாருன்னு நெனச்சேன். அடுத்த வாரமே அண்ணி ஒரு புரோக்கர கூட்டிக்கினு ஊட்டுக்கு வந்தாங்க.

மூணு பேரும் உக்காந்தோம். நான்தான் டீ போட்டுக் குடுத்தேன். புரோக்கரு நல்ல வெள்ளச் சட்ட, சாந்தமான மனுசன், யாரு மனசும் நோவாம பேசுவாரு. ரெண்டு வழி இருக்குதும்மான்னாரு. ஒண்ணு டைவர்ஸு. பொன்னேரி கோர்ட்டுல ரெண்டு பேரும் சம்மதம்னு எழுதிக் குடுத்தாக்கூட ஆறு மாசத்துக்கு மேல காத்திருக்கணும், வக்கீல் பீஸு, அவரு நேர்ல வந்து நிக்கணும், வந்தா திரும்பிப் போவ முடியாது. அங்க சட்டம் வேற மாறப் போவுதாம், அதுக்குள்ள கல்யாணம் முடியணும். இன்னொண்ணு, பொண்டாட்டி தவறிட்டாங்கன்னு ஒரு சர்ட்டிபிகேட்டு. ஒரு வாரத்துல கைக்கு வரும். செலவும் கம்மி. "டைவர்ஸ் பண்ணவன்னா ஊருல ஒரு மாதிரி பேசுவாங்க, பொண்டாட்டிய எழந்தவன்னா பாவம்னுவாங்க"ன்னு அண்ணி எடுத்துக் குடுத்தாங்க. நான் அங்கதான் உக்காந்துக்கினு இருக்கேன், கையில டீ டம்ளரோட!

"அப்புறம் நான் எப்பிடி அங்க போறது? பொணத்துக்கு விசா குடுப்பானா?"ன்னு கேட்டேன்.

புரோக்கரு கண்ணக் கூட சிமிட்டல. "வேற பேர்ல உங்களுக்கு ஒரு பாஸ்போர்ட் எடுத்துக்கலாம்மா. அஞ்சு வருஷம் கழிச்சு சாரு உங்களப் புதுசா கட்டிக்குவாரு. நெறைய பேரு பண்றதுதான்."

"பாப்பா?"

"பாப்பாவுக்கு இன்னா? உன்கூடத்தான் இருக்கப் போவுது"ன்னு அண்ணி சொன்னாங்க. "உன் புள்ளைய யாரு புடுங்கிக்கப் போறாங்க?"

அதுக்கப்புறம் அண்ணி என் காதப் பாத்தாங்க. சர்ட்டிபிகேட்டுக்குக் காசு வேணுமே. என்னச் சாவடிக்கறதுக்கு என் கம்மலையே கேட்டாங்க சாமி! இந்த அநியாயம் எங்கனா உண்டா? வெளிய போங்கன்னு ரெண்டு பேரையும் கத்தி அனுப்பிட்டேன். ஞாயித்துக்கெழம அவரு போன் பண்ணி அழுதாரு. என்கிட்ட ஒரு நாளும் அழுததில்லாத ஆளு, அவங்கப்பா செத்தப்பவே அழாதவரு. வெரலு நிமிர மாட்டேங்குது, ரெண்டு நாளா கட்டில்ல எடம் இல்ல, ஸ்டேஷன்ல படுத்திருக்கேன்னாரு. கம்மலக் கழட்டிக் குடுத்துட்டேன். எனக்கு அந்த ஆளு மேல ஆச இருந்துச்சு, வேற இன்னா சொல்றது. ஆச இருக்கறவளுக்கு மூளை எங்க இருக்கும்?

சர்ட்டிபிகேட் வந்துச்சு. மஞ்சக்காமாலையில செத்திருந்தேன். தேதியப் பாத்தா சிரிப்பு வந்துடுச்சு, அன்னிக்கு எனக்கு ஓவர்டைம்.

அதோட முடிஞ்சுதுன்னு பாத்தா, இந்தப் பேப்பரு நெசந்தானான்னு பாக்க இத்தாலி எம்பசி சார்புல ஊட்டுக்கே ஒரு ஆளு வருவாருன்னு புரோக்கரு சொன்னாரு. அதுக்கு ஊட்டத் தயார் பண்ணணும். அண்ணி எங்க கல்யாண போட்டோவ எடுத்துக்கினு பஜாருல ஸ்டுடியோவுக்குப் போய், அவர வெட்டிட்டு என்ன மட்டும் பெருசு பண்ணி, பின்னாடி நீலக் கலரு போட்டு சட்டம் மாட்டிக்கினு வந்தாங்க. ஸ்டுடியோக்காரரு, "சின்ன வயசும்மா, பாவம்"னு பத்து ரூபா கொறச்சுக்கினாராம். அத வேற வந்து சந்தோஷமாச் சொல்றாங்க. ஆணி அடிச்சு, செவப்பு பல்பு மாட்டி, சந்தன மாலையும் போட்டாச்சு. கண்ணாடியில குங்குமம் வெக்க அவங்களுக்குக் கை எட்டல, நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி வெச்சேன்.

ஓனரம்மா வாசப்படியில நின்னு பாத்துட்டு கன்னத்துல போட்டுக்கினாங்க. "யா அல்லா! உசுரோட நிக்கிற பொண்ணுக்கு மாலையா? கழட்டுங்கடி அத!"ன்னு கத்தினாங்க. "உங்க ஊட்டு வாடக மாசாமாசம் எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க மொதல்ல"ன்னு எங்க அண்ணி அவங்க வாய அடச்சுட்டாங்க.

பாப்பாவத் தயார் பண்ணதும் அண்ணிதான். சாயங்காலம் ஸ்கூல் உட்டு வந்ததும் எதிர்ல நிக்க வெச்சு, "உங்கம்மா எங்க?"ன்னு கேப்பாங்க. "சாமிகிட்ட போயிட்டாங்க"ன்னு சொல்லணும். மொதல்ல பாப்பா ஓடி வந்து என் மடியில மூஞ்சிய வெச்சுக்கினு அழுதுச்சு. சரியாச் சொன்னா சாக்லேட்டுன்னாங்க. சரியாச் சொன்னா நைனா ஐஸ் மழ காட்டுவாருன்னாங்க. ஒரு வாரம் போனப்புறம் பாப்பா அழறதில்ல. அத ஒரு வெளையாட்டா புடிச்சுக்கிச்சு. நான் சோறு ஊட்டறப்பவே, "அம்மா, கேளேன், கேளேன்"னு என்னக் கேக்கச் சொல்லும். "உங்கம்மா எங்க?"ன்னு நான் கேட்டா, வாயில சோத்தோட, "சாமிகிட்ட"ன்னு சொல்லிட்டுச் சிரிக்கும்.

அந்த ஆளு ஒரு செவ்வாக்கெழம வந்தாரு. நான் ஓனரம்மா ஊட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கினேன். எங்க ஜன்னலும் அவங்க ஜன்னலும் பக்கத்துல பக்கத்துல, பேசறது அப்பிடியே கேக்கும். சின்ன வயசுக்காரரு, மெட்ராஸ்லேர்ந்து வந்திருந்தாரு, மரியாதையான பேச்சு. படத்துக்கு முன்னாடி செருப்பக் கழட்டிட்டு நின்னாருன்னு ஓனரம்மா எட்டிப் பாத்துச் சொன்னாங்க. எனக்கே நான் பாவமாத் தெரிஞ்சேன்.

எப்பிடித் தவறினாங்கன்னு கேட்டாரு. அண்ணி அழுதாங்க. அடேயப்பா, இன்னா அழுகை! மஞ்சக்காமாலை, கீழாநெல்லி குடுத்தோம், கேக்கல, பெரியபாளையத்தாளுக்கு வேண்டிக்கினோம், அவளும் கைவிட்டுட்டான்னாங்க. அதோட நிறுத்தியிருக்கலாம். அந்த ஆளும் எழுதி முடிச்சு பேனாவ மூடிட்டாரு. அண்ணிக்கு வாய் நிக்கல. "செத்தவளப் பத்திப் பேசக் கூடாது சார், ஆனா அவ நடத்த அவ்ளோ சரியில்ல. கம்பெனியில ஷிப்ட் ஷிப்ட்டுன்னு யாரு யாரு கூடவோ சுத்துவா. புருசன் அங்க கஷ்டப்படறான், இவ இங்க பவுடர் பூசிக்கினு திரிஞ்சா. அந்த மாதிரி இருந்தா ஒடம்பு எப்பிடி சார் தாங்கும்?"

எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. உசுரோட இருந்தப்ப உடல, சரி. செத்தப்புறமுமா? என் நகையத் தின்னு, என் கம்மலத் தின்னு, என்னையே தின்னுட்டு, இப்ப எலும்பக் கடிக்கறாளா? ஓனரம்மா கையப் புடிச்சு இழுத்தாங்க. உதறிட்டு, நைட்டிக்கு மேல துண்ட போட்டுக்கினு நேரா எங்க ஊட்டுக்குள்ள போயிட்டேன். நான்தான் அவ, உசுரோட இருக்கேன், இவ சொல்றது எல்லாமே பொய்யின்னு சொல்லத்தான் போனேன். அவரு பேப்பரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம், என் பேரு எனக்கு வேணும்.

அந்த ஆளு திரும்பிப் பாத்தாரு. படத்தப் பாத்தாரு. திரும்ப என்னப் பாத்தாரு. அண்ணி மூஞ்சி பேயறஞ்ச மாதிரி ஆயிடுச்சு.

"இவங்க யாரு?"ன்னு அவரு கேட்டாரு.

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பாப்பா சொல்லிச்சு. "எங்க சித்தி சார். எங்கம்மாவோட தங்கச்சி."

இத யாரும் அதுக்குச் சொல்லிக் குடுக்கல. அண்ணி சொல்லிக் குடுக்கல, புரோக்கரு சொல்லிக் குடுக்கல. ஆறு வயசுப் புள்ள, அதுவா யோசிச்சு, அந்த ஒரு நிமிஷத்துல மொகச்சாயலுக்கும் சேத்து ஒரு பதில் கண்டுபுடிச்சுது. சொல்லிட்டு என்னப் பாத்துச்சு, நல்லா சொன்னேனான்னு கேக்கற பார்வ.

"அதான் அக்கா மாதிரியே இருக்கீங்க"ன்னாரு அந்த ஆளு. அவரு கண்ணு கலங்கியிருந்துச்சு. "கொழந்தைய நல்லாப் பாத்துக்குங்கம்மா, இனிமே நீங்கதான் அதுக்கு." நான் அப்பவும் சொல்லியிருக்கலாம். சொன்னா புள்ளைய பொய்க்காரியாக்கணும், அதும் எதிர்லயே. "சரிங்க சார்"னு தலைய ஆட்டினேன். அவரு படத்துக்கு இன்னொரு கும்புடு போட்டுட்டுப் போனாரு.

பேப்பர் பாஸாச்சு. அவரு ருமேனியாக்காரியக் கட்டிக்கினாரு. அந்த ஞாயித்துக்கெழம போன்ல பாப்பா நடந்தத முழுசா ஒப்பிச்சுது. அந்தப் பக்கம் அவரு விழுந்து விழுந்து சிரிக்கறது எனக்குக் கேட்டுச்சு. எத்தினி மாசம் கழிச்சு அந்தச் சிரிப்பு! "என் தங்கமே, என் புத்திசாலிப் பொண்ணே"ன்னாரு. அப்புறம், "எங்க, உங்க சித்திகிட்ட குடு பாக்கலாம்"னாரு.

போன வாங்கினேன். "எங்கக்கா செத்ததுக்கு, காரியத்துக்குக் கூட வராத மனுசனோட எனக்கு இன்னா பேச்சு?"ன்னேன். சிரிப்பு நின்னுச்சு. "ஏய், சும்மா தமாசுக்கு..."ன்னு ஆரம்பிச்சாரு. வெச்சுட்டேன். அதுக்கப்புறம் அவரு அண்ணி ஊட்டுக்குத்தான் போன் பண்ணுவாரு. பாப்பாவ அங்க கூப்புட்டுப் பேசுவாரு.

கொஞ்ச மாசம் போனதும் அண்ணி வந்து, பாப்பாவுக்கு பாஸ்போர்ட் எடுக்கணும், நல்ல கவுனு போட்டு உடு, போட்டோ புடிக்கணும்னாங்க. அவருக்கு அங்க தங்கறதுக்குக் கார்டு வந்துடுச்சாம், புள்ளைய அங்க கூட்டிக்கலாமாம், அங்க ஸ்கூலுக்குப் பீஸே கெடையாதாம். நான் கொழம்பு தாளிச்சுக்கினு இருந்தேன். எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. "அம்மா கையெழுத்து இல்லாம எவன் பாஸ்போர்ட் குடுப்பான்? நான் போட மாட்டேன், ஆனத பாத்துக்குங்க"ன்னேன்.

அண்ணி கோச்சுக்கல, கத்தல. ரேஷன் கடையில சக்கர போடறாங்கன்னு சொல்ற மாதிரி சாதாரணமாச் சொன்னாங்க. "செத்தவ கையெழுத்த யாரு கேப்பாங்க? அதான் சர்ட்டிபிகேட் இருக்கே. அப்பன் கையெழுத்து போதும்."

அடுப்ப அணைச்சேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல. டைவர்ஸ் ஆயிருந்தா பொம்பளப் புள்ள, சின்னப் புள்ள, அம்மாகிட்ட இருக்கட்டும்னு கோர்ட்டு சொல்லியிருக்கும். அது அண்ணிக்குத் தெரியும். வெள்ளச் சட்டக்காரருக்குத் தெரியும். அவருக்கும் தெரிஞ்சிருக்கும். டீ குடிச்சுக்கினே எத்தினி விஷயம் பேசினாங்க அன்னிக்கு, ஆறு மாசம், வக்கீல் பீஸு, ஊரு பேசறது, இதப் பத்தி ஒருத்தர் வாயிலயும் ஒரு வார்த்த வரல. உசுரோட இருக்கேன்னு நான் போய் நின்னா மூணு பேரு ஜெயிலுக்குப் போவாங்க. அதுல ஒண்ணு பாப்பாவோட அப்பன். நிக்கலாம்னுதான் இருந்தேன், தெனமும் இருந்தேன். ஆனா பாப்பா ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்துச்சு, நான் பிளைட்ல போறேன், ஐஸ் மழ பாக்கப் போறேன்னு. ராவும் பகலும் அதே பேச்சு. அது கேட்டு நான் இல்லன்னு சொன்னது அதுவரைக்கும் எதுவும் கெடையாது.

முழுப் பரீட்ச லீவுல அவரு வந்தாரு. மெட்ராஸ்ல ஒரு லாட்ஜ்ல தங்கினாரு, கும்மிடிப்பூண்டிக்கு வரல. ஊருல யாராச்சும் பாத்து ஏதாவது பேசிட்டா வம்பாயிடுமாம். அண்ணி பாப்பாவக் கூட்டிக்கினு போய் ஏர்போர்ட்டுல ஒப்படைக்கணும்னு ஏற்பாடு. ஜடை பின்னி உட்டேன், புது ஷூ மாட்டி உட்டேன், குளிருமேன்னு பேக்கிங் செக்‌ஷன்ல எல்லாரும் சேந்து வாங்கிக் குடுத்த ஸ்வெட்டர பைக்குள்ள மேலாப்புல வெச்சேன். வாடகைக் காரு வாசல்ல நின்னுச்சு. தெருவே வெளிய வந்து நின்னு வேடிக்க பாக்குது. நானும் ஏறிக்கலாம்னு கதவாண்ட போனேன். எடம் இல்ல, நீ வராதன்னாங்க அண்ணி. பின்சீட்டு முழுக்க காலியாக் கெடந்துச்சு.

பாப்பாவுக்கு என்னப் பாத்துப் பாவமாயிடுச்சு போல. அண்ணி கையப் புடிச்சு ஆட்டிச்சு. தெருக்காரங்க, டிரைவரு, எல்லாரும் நிக்கறாங்க, தப்பா எதுவும் வாயில வந்துடக் கூடாதுன்னு அதுக்குத் தெரியும்.

"பாவம் அத்த, சித்தியும் வரட்டுமே"ன்னுச்சு.